அரம் எழுதிய கல்வெட்டு

பழைய பைக் ஒன்றை மீட்டெடுக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. கம்பெனி வாசலைத் தாண்டிய அன்று அது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சிகள் இருக்கும். உதிரிபாகப் பட்டியல், பழைய விளம்பரம், உரிமையாளர் கையேடு. இவற்றை வைத்துக்கொண்டு 1965ஆம் வருடத்துப் புல்லட்டை மறுபடி 1965இல் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ரேஸில் ஓடிய பைக்குக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேறு வண்டி. போன பந்தயத்தில் போட்ட ஜெட் இந்தப் பந்தயத்தில் இருக்காது. வெள்ளிக்கிழமை பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் சனிக்கிழமை ராத்திரி வேறு சிலிண்டர் ஏறியிருக்கும். அதை மீட்டெடுப்பது என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு?

நம்ம ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலாகும். ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ ரேஸ் பைக் என்பது ரேஸுக்காகவே தொழிற்சாலையில் பிறந்தது. சோழவரத்தில் ஓடிய பைக்குகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய சாலை வண்டிகள். அவற்றை ரேஸ் வண்டியாக்கியது பட்டறையும் லேத்தும் ஓர் அரமும். அந்த வேலைக்கு வரைபடமோ ரசீதோ யாரும் வைத்துக்கொண்டதில்லை. வேலையே உலோகத்தின் மேல் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதை ஒரே ஒரு வண்டியை வைத்துப் பார்க்கலாம். யமஹா ஆர்.டி. 350, இந்தியப் பெயரில் ராஜ்தூத் 350. கடலூர், சிதம்பரம் பக்கம் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அதன் தம்பியான ஆர்.எக்ஸ். 100தான் பழக்கம். 98 சி.சி., 11 குதிரைத்திறன், கண்ணை மூடிக்கொண்டும் அடையாளம் சொல்லக்கூடிய சத்தம். அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதிகம், ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அந்த அண்ணனின் கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது.

1. குழாய் கற்றுக்கொண்ட வித்தை

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் நாம் சாதாரணமாக நினைக்கிற வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் சில வாசல்கள், அவ்வளவுதான். அவற்றைத்தான் போர்ட் என்கிறோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும். எரிந்த புகை வெளியேறத் தொடங்கும். கொஞ்சம் கழித்துப் பக்கத்துப் போர்ட்டுகள் திறந்து, புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும். சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நேரம் இரண்டு வாசலும் சேர்ந்தே திறந்திருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு, எரியாமலே, புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். கல்யாணத்துக்கு வந்தவர் பந்திக்கு உட்காராமல் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுகிற மாதிரி.

பின்வாசலில் கதவு வைக்க முடியாது. ஆனால் போனவரைத் திருப்பி அனுப்ப முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் ஜெர்மனியின் ஆயுதத் திட்டங்களில் பணியாற்றிய பொறியாளர். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில், எம்.இசட். கம்பெனியின் ரேஸ் பிரிவை 1953 முதல் கவனித்துக்கொண்டார். எக்ஸாஸ்ட் குழாயை அவர் ஒரு இசைக் கருவி போலப் பார்த்தார்.

போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் கூம்பாக விரியும் இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிர்மறையாகத் திரும்பி வந்து, சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சுகிறது. கூடவே புதுக் கலவையையும் வேகமாக உள்ளே இழுக்கிறது. மிச்ச அலை மேலும் போய், குழாய் மறுபடி குறுகும் கூம்பில் மோதித் திரும்புகிறது. இந்தத் தடவை அது தள்ளுகிற அலை. வெளியே தப்பிய கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே திணித்துவிடுகிறது. இந்த வயிறு பெருத்த குழாய்க்குத்தான் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர்.

எல்லாமே நேரக் கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 8000 தடவை சுற்றினால், ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடி. எக்ஸாஸ்ட் போர்ட் பாதிச் சுற்று திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 3.75 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். திரும்பும் கூம்பு போர்ட்டிலிருந்து 85 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், அலை போய் வர 3.4 மில்லி விநாடி. கதவு சாத்துவதற்கு ஒரு நொடிக்கு முன் வந்து சேர்ந்த ஆள் மாதிரி, கச்சிதம். அதே குழாயோடு 4000 சுற்றில் ஓட்டினால் போர்ட் 7.5 மில்லி விநாடி திறந்திருக்கும். அலை சீக்கிரமே வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விடும். கலவை அதற்கப்புறம் நிதானமாக வெளியேறும். டூ ஸ்ட்ரோக் ரேஸ் பைக்குகள் கீழ்ச் சுற்றில் மந்தமாக இருந்து, ஒரு குறிப்பிட்ட இடம் தாண்டியதும் பேய் பிடித்த மாதிரி பாய்வதற்குக் காரணம் இந்த எளிய கணக்குதான்.

1961இல் காடனின் 125 சி.சி. என்ஜின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200. அந்த வருடம் எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலக சாம்பியன் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியிருந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தில் அவருடைய என்ஜின் பாதியில் நின்றது. அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. குடும்பத்தை அதே நாட்களில் காரில் ஒளித்து மேற்கே கொண்டுவந்துவிட்டார்கள். காடனின் வித்தை அவரோடு ஜப்பானுக்கு, சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. 1962இல் சுசுகியின் 50 சி.சி. பைக்கில் டெக்னர் உலக சாம்பியன் ஆனார். டூ ஸ்ட்ரோக் வென்ற முதல் உலகப் பட்டம் அது. காடன் எம்.இசட்.டிலேயே இருந்துவிட்டார். பட்டங்களின் பட்டியலில் இருப்பது ஓட்டியவர் பெயர். குழாயைச் செதுக்கியவர் பெயருக்கு அதில் கட்டம் இல்லை. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

2. பந்தயத்திலிருந்து சாலைக்கு

யமஹாவும் அதே வருடங்களில்தான் டூ ஸ்ட்ரோக்கோடு உலகப் பந்தயங்களுக்கு வந்தது. 1964இல் பில் ரீட் அதன் முதல் உலகப் பட்டத்தை 250 சி.சி. பிரிவில் வென்றார். வண்டியின் பெயர் ஆர்.டி. 56. யமஹா செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரிது. தன் சாலை வண்டிகளின் அடிப்படையில், பணம் கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய ரேஸ் பைக்குகளைத் தயாரித்து விற்றது. டி.டி. வரிசை 250க்கு, டி.ஆர். வரிசை 350க்கு. சாலை வண்டியும் ரேஸ் வண்டியும் ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள். ஒருத்தரிடம் கற்றது இன்னொருத்தருக்குப் போகும்.

1970இல் ஆர்.5 என்ற சாலை வண்டி வந்தது. 64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், 347 சி.சி. அதன் கிராங்க் கேஸை வைத்து டி.ஆர். 3 என்ற ரேஸ் பைக் உருவானது. 1972இல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில், இருமடங்கு பெரிய என்ஜின்களுக்கு நடுவே, டான் எம்டி அதை ஓட்டி ஜெயித்தார். அடுத்த வருடம், தண்ணீரால் குளிரும் டி.இசட். 350இல், ஃபின்லாந்தின் யார்னோ சாரினென் அதே பந்தயத்தை ஜெயித்தார். இஞ்சினியரிங் படித்தவர். அந்த மே மாதமே மோன்ஸா விபத்தில் இறந்துபோனார்.

அதே 1973இல் ஆர்.டி. 350 கடைகளுக்கு வந்தது. ஆர்.5இன் அதே 64க்கு 54 கணக்கு. 7500 சுற்றில் 39 குதிரைத்திறன், ஆறு கியர். புதிதாகச் சேர்ந்தது ரீட் வால்வு. கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய எஃகு இதழ்கள். உள்ளே காற்று இழுக்கும்போது திறக்கும், திருப்பித் தள்ளும்போது தானே மூடிக்கொள்ளும். இதனால் கீழ்ச் சுற்றில் கலவை கார்ப்பரேட்டர் பக்கம் திரும்பித் துப்புவது நின்றது. ரேஸ் என்ஜினின் முரட்டுத்தனத்தைச் சந்தைத் தெருவிலும் ஓட்டும்படி பழக்கியது அந்த இதழ்கள்தான்.

3. சாலையிலிருந்து பந்தயத்துக்கு

பத்து வருடம் கழித்து, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை இந்தியாவில் ராஜ்தூத் 350 ஆக்கியது. பெட்ரோல் கணக்குப் பார்க்கிற நாட்டுக்காக அதன் மூச்சைக் குறைத்தார்கள். எச்.டி. மாடலுக்கு 30.5 குதிரைத்திறன். பின்னால் வந்த எல்.டி. மாடலுக்கு 27. முன்சக்கர டிஸ்க் பிரேக் போய் டிரம் பிரேக் வந்தது. அப்படியும் விற்கவில்லை. பெட்ரோல் குடித்தது, உதிரிபாகம் விலை கூடுதல், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இல்லை. 1990 வாக்கில் கதை முடிந்துவிட்டது.

சோழவரத்தில் மட்டும் முடியவில்லை. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. கார், பைக், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் ஓடும். வெயிலில் வெந்த கான்கிரீட்டில், வேலிக்கு அப்பால் ஆயிரக்கணக்கான ஜனம். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத் தடம் திறக்கும்வரை தென்னிந்தியாவின் ரேஸ் என்றால் சோழவரம்தான்.

அங்கே ஓட்டியவர்களுக்கு இறக்குமதி என்பது எளிதில் திறக்காத கதவு. டி.இசட். மாதிரி ரேஸ் பைக்கையோ அதன் சிலிண்டரையோ நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. கையில் இருப்பது புல்லட், ஜாவா, பிறகு இந்த ராஜ்தூத் 350. அதனால் ஒரு வினோதம் நடந்தது. ஜப்பானில் ரேஸ் பைக்கிலிருந்து கற்றுச் சாலை வண்டி செய்தார்கள். இந்தியாவில் அந்தச் சாலை வண்டியை மேலும் அடக்கி விற்றார்கள். நம்ம மெக்கானிக்குகள் அதே பாதையில் பின்னோக்கி நடந்து, அடக்கி வைத்த ரேஸ் பைக்கை மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். காடனிடமிருந்த அளவுமானிகள் அவர்களிடம் இல்லை. அரம், எமரித் தாள், காது, பொறுமை.

என்ன செய்வார்கள்? எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ராவி உயர்த்துவார்கள். 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள என்ஜினில் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், போர்ட் திறந்திருக்கும் காலம் மொத்தத்தில் நாலைந்து பாகை கூடும். சக்தி மேல்ச் சுற்றுக்கு நகரும், கீழ்ச் சுற்றில் கொஞ்சம் செத்துப்போகும். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒவ்வொரு இழுப்பும் முடிவு. ராவி முடித்ததும் விளிம்பைச் சரித்து மழுங்கவிட வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். பிறகு தகரத்தைக் கூம்பாக வெட்டிச் சுருட்டி, கேஸ் வெல்டிங்கில் பற்றவைத்துக் குழாய். கூம்பின் கோணம் தப்பினால் மறுபடி வெட்டு, மறுபடி ஒட்டு.

4. ஓர் என்ஜினை வாசிப்பது

சிதம்பரத்தில் ஒரு பட்டறையில் அப்படி ஒரு ராஜ்தூத் என்ஜின் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ரேஸ் ஓடிய வண்டி, இப்போது மீட்டெடுப்புக்கு வந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணனுக்கு வயது அறுபதை நெருங்கும். சிலிண்டரை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். இரண்டு எக்ஸாஸ்ட் போர்ட்டும் உயர்த்தப்பட்டிருந்தன. கண்ணாடி மாதிரி தேய்த்த ஒரு பழைய வேலை. அதன் மேல் இன்னொரு வெட்டு, கரடுமுரடாக, சுழலும் கருவியால் அவசரத்தில் போட்டது.

“இது ஒரே ஆளு கை இல்ல தம்பி. மொதல்ல செஞ்சவரு பொறுமைசாலி. அடுத்த ஆளுக்கு நாளைக்கே ரேஸ்.”

பிஸ்டன் தலையில் 75 என்று பொறித்திருந்தது. 0.75 மில்லிமீட்டர் ஓவர்சைஸ். காலுக்கால் மில்லிமீட்டராக ஏறும் கணக்கில் மூன்று தடவை போர் போட்ட சிலிண்டர். 100 சைஸ் வரை போகலாம், இன்னும் ஒரு வாழ்க்கை பாக்கி. ரீட் வால்வு கூட்டின் பக்கவாட்டில் ராவியிருந்தது. இடது, வலது சிலிண்டர்களை மாற்றிவிடாமல் இருக்க யாரோ சுத்தியலால் புள்ளி குத்தியிருந்தார்கள், ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று பதிவு தானாகவே சேரும். இங்கே அந்த மூன்று கேள்விக்குமான பதில் இரும்பிலேயே கிடக்கிறது. பெயர் மட்டும் இல்லை. பந்தய முடிவுத் தாளிலும் மெக்கானிக் பெயருக்கு இடம் கிடையாது.

வண்டியின் சொந்தக்காரர் கேட்டிருந்த வேலைகள் இவை: கிராங்க் கேஸுக்கு மணல் பீய்ச்சிப் புதுசு போல ஆக்க வேண்டும். சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்ட் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரிஜினல் சைலன்ஸர்.

மணல் பீய்ச்சுவது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் அதே கருவியால் கற்சுவர்களைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போயின. கூடவே கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின. தொல்லியல் ஆர்வலர்கள் வருடக்கணக்கில் கத்திய விஷயம் இது. சுத்தம் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோயில் புதுசு போல இருக்க வேண்டும் என்ற ஆசைதான்.

அந்தப் பட்டறையிலிருந்து நடக்கிற தூரத்தில் நடராஜர் கோயிலின் வடக்குக் கோபுரம் நிற்கிறது. அதை எழுப்பியதாகக் கிருஷ்ணதேவராயரின் கல்வெட்டு சொல்கிறது. கீழே உள்ள கற்பகுதி அவருக்கு முந்தியது என்பது கலை வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்திருக்கிறார். கோபுரத்தை எந்த வருடத்துக்கு மீட்டெடுப்பது என்று யாராவது கேட்டால் சிரிப்போம். அது இத்தனை கைகளும் சேர்ந்த ஒன்று. சோழவர என்ஜினும் அப்படித்தான்.

5. எதை மாற்றுவது, எதை விடுவது

அதற்காக எதையும் தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வை என்று சொல்ல வரவில்லை. ஓடாத ரேஸ் பைக் வெறும் அலங்காரம். ஓட வேண்டும் என்றால் சிலதை மாற்றியே ஆக வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புக் காற்று ஒரு பக்கம். 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம். தண்ணீரில் மூழ்கிய டூ ஸ்ட்ரோக் என்ஜின் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கும். ஆர்.டி.யின் கிராங்க் ஒரே துண்டு இல்லை. பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பேரிங் மாற்ற அதைப் பிரித்து, திரும்பச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் நூறில் சில பங்குக்குள் நேராக்க வேண்டும். கிராங்கின் இரு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறது. வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். இடது சீல் காய்ந்தால் சத்தமில்லாமல் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டனில் ஓட்டை விழும். சீல், பேரிங், டயர், பிரேக் ஷூ: இவற்றில் பழமை பார்ப்பது ஆபத்து. இவை எண்ணெய் விளக்கின் திரி மாதிரி, மாற்றுவதற்காகவே இருப்பவை.

போர்ட், குழாய், குத்திய புள்ளி, ராவிய ரீட் கூடு: இவை அப்படியல்ல. இவற்றை அழித்தால் வேறு எந்த ஆவணத்திலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது.

சட்டம் இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றிய வண்டி சாலையில் ஓடக் கூடாது. நியாயமும் அதன் பக்கம் இருக்கிறது. போர்ட் ராவிய டூ ஸ்ட்ரோக்கைக் கடலூர்ச் சாலையில் முறுக்குகிறவனுக்கு முன்னால் ஆட்டோவும் மாடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள். எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் எல்லோர் மூக்குக்கும்தான். 1996இலும் 2000இலும் வந்த புகைக் கட்டுப்பாடுகள் இந்த என்ஜின்களைச் சந்தையிலிருந்து அனுப்பிவைத்தது சரியான காரியம். ஆர்.எக்ஸ். 100ஐ நேசிக்கிறவனும் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆனால் சட்டத்துக்கும் சரித்திரத்துக்கும் நடுவில் இருப்பது எட்டு நட்டுகள்தான். ஆர்.டி.யின் இரண்டு சிலிண்டர்களும் தலா நான்கு நட்டுகளில் நிற்பவை. சாலைக்கு ஸ்டாண்டர்ட் சிலிண்டர் ஒரு செட் போட்டுக்கொள்ளலாம். ராவிய சிலிண்டரை எண்ணெய் தடவி, துணி சுற்றி, பெயரெழுதி அலமாரியில் வைக்கலாம். கண்காட்சிக்கோ பழைய வண்டிகளுக்கான தட ஓட்டத்துக்கோ போகிற அன்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு மத்தியான வேலை.

அதோடு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. டூ ஸ்ட்ரோக் ட்யூனர்கள் போர்ட்டுகளின் அளவெடுக்க ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். சிலிண்டருக்குள் ஒரு தாளைச் சுருட்டி ஒட்ட வைத்து, உள்ளிருந்து பென்சிலால் தேய்ப்பார்கள். விரித்துப் பார்த்தால் எல்லா வாசல்களும் உண்மை அளவில் தாளில் விழுந்திருக்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளை ஒற்றி மை தட்டி எடுக்கிற மைப்படியும் இதே வித்தைதான். சுவரில் இன்று இல்லாத பல கல்வெட்டுகள் அந்தத் தாள்களில்தான் உயிரோடு இருக்கின்றன.

மெக்கானிக் அண்ணன் அந்த இரண்டு சிலிண்டருக்கும் தாளில் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் சொந்தக்காரரிடம் பேசினார். மணல் பீய்ச்சுவது கைவிடப்பட்டது. ஸ்லீவ் பேச்சு இன்னும் நடக்கிறது. இரண்டாவது செட் சிலிண்டருக்குச் செலவு இருக்கிறதே, சும்மாவா. தாள்கள் இரண்டும் பட்டறைச் சுவரில் பேரிங் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. வலது பக்கத்துத் தாளில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு ஒரு ஓரத்தில் மயிரிழை தூக்கலாக இருக்கும். அந்த இரண்டாவது ஆள், ரேஸுக்கு முந்தின ராத்திரி, கடைசியாக ஓர் இழுப்பு இழுத்த இடம்.